சன்னது இல்லாதவன் வாய் திறந்தால் சிறையா?

"நீ யார்? வக்கீலா? சன்னது இருக்கிறதா?"

காரைக்கால் வட்டாரத்தில் சங்க வேலை செய்யும் தோழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வேலை பறிபோன தொழிலாளிக்காக மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் கேட்கிறார்கள். கிளிஞ்சல்மேட்டு மீனவப் பெண்ணின் நிவாரண மனுவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் படி ஏறினால் கேட்கிறார்கள். நெடுங்காட்டுக் குத்தகை விவசாயிக்காக இரண்டு வார்த்தை பேசினால் கேட்கிறார்கள். கேள்விக்குப் பின்னாலேயே மிரட்டலும் வருகிறது: "சன்னது இல்லாமல் சட்டம் பேசினால் ஆறு மாதம் உள்ளே போகவேண்டும், தெரியுமா?"

தெரியும். நமக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சட்டம் எதற்காக வந்தது, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதுதான் மிரட்டுகிறவர்களுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் தெரியாதவர்கள்போல் நடிக்கிறார்கள். ஆகவே உழைப்பாளி மக்கள் இந்த விஷயத்தை ஒருமுறை அலசிப் பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் சொல்வது என்ன?

1961ஆம் ஆண்டின் வக்கீல்கள் சட்டம் நாட்டில் வக்கீல் தொழில் நடத்த உரிமையுள்ளவர்கள் ஒரே ஒரு வகையினர்தான் என்கிறது. பார் கவுன்சிலின் பட்டியலில் பெயர் பதிந்தவர்களே அவர்கள். இதைச் சொல்வது 29ஆவது பிரிவு. பதியாதவர் எந்தக் கோர்ட்டிலும் எந்த அதிகாரி முன்பும் அந்தத் தொழிலை நடத்தக்கூடாது என்கிறது 33ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 45ஆவது பிரிவு.

இந்தச் சட்டத்தை அடியோடு நாம் எதிர்க்கவில்லை. ஏழையின் காசைப் பிடுங்குவதற்கென்றே பொய்ப் பட்டத்தோடு கருப்பு அங்கி மாட்டிக்கொண்டு திரியும் பேர்வழிகள் உண்டு. மனைக்கட்டை விற்று வழக்கு நடத்த வந்தவன் அவர்களிடம் சிக்கிச் சீரழிகிறான். இந்த வியாதி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றால், வக்கீல்களின் பட்டங்கள் மெய்யா பொய்யா என்று சோதிக்க 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே ஒரு உயர்மட்டக் கமிட்டியை அமைக்க வேண்டியதாயிற்று. அந்தப் போலிகளைச் சட்டம் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். நாம் கை தட்டுவோம்.

கோர்ட் வாசலில் நின்று கட்சிக்காரனை வலைபோட்டுப் பிடித்து, வக்கீலிடம் கமிஷன் வாங்கும் தரகர்களையும் அப்படியே தண்டிக்கட்டும். 1879ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் இருந்த அந்தத் தரகர் பட்டியலை, 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 45-ஏ என்ற புதுப் பிரிவாக வக்கீல்கள் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. பட்டியலில் ஏறிய பிறகும் தரகு பார்த்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதிலும் நமக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் கவனியுங்கள். சட்டம் தடுப்பது வக்கீல் 'தொழில்' நடத்துவதை. சங்கத் தோழர் தொழிலா நடத்துகிறார்? அவர் பீஸ் வாங்குகிறாரா? கமிஷன் வாங்குகிறாரா? வக்கீல் என்று போர்டு மாட்டியிருக்கிறாரா? சக தொழிலாளியின் பக்கத்தில் நின்று, அவன் சொல்லத் தடுமாறுவதைச் சொல்லிக் கொடுக்கிறார். இவரையும் போலி வக்கீலையும் ஒரே கூண்டில் நிறுத்தப் பார்ப்பது அறியாமையல்ல. அது வர்க்க புத்தி!

செருப்பும் சன்னதும்

காரைக்கால் மக்களுக்கு நியாய ஸ்தலத்தின் வாசற்படி எவ்வளவு உயரம் என்பது நேற்று இன்று தெரிந்ததல்ல. 1739இல் பிரெஞ்சுக்காரன் இங்கே காலூன்றினான். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கை மாறும் வரை இங்கே கோர்ட்டில் ஆண்ட மொழி பிரெஞ்சு. தன் வயலைப் பற்றி, தன் வீட்டைப் பற்றி எழுதப்பட்ட தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதை இன்னொருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நம் பாட்டன்மார்.

1873இல் புதுச்சேரியில் நடந்ததைப் பாருங்கள். பொன்னுத்தம்பி பிள்ளை என்ற தமிழர் அங்கே வக்கீல். சட்டம் படித்தவர், அனுமதி பெற்றவர். அவர் ஐரோப்பிய மாதிரிக் காலணி அணிந்து கோர்ட்டுக்குள் வந்தார். கூடாது என்று வெள்ளை நீதிபதி தடுத்துவிட்டார். இந்திய உடை உடுத்தியவன் வெறுங்காலோடுதான் வரவேண்டுமாம்! அவர் விடவில்லை. பாரீஸில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்.

வசதியும் படிப்பும் அனுமதிப் பத்திரமும் இருந்த ஒரு மனிதருக்கே செருப்போடு உள்ளே நுழைய பாரீஸ் வரை போகவேண்டியிருந்தது. அப்படியானால், அந்தக் காலத்தில் காரைக்கால் பண்ணையாளின் கதி என்ன? யோசித்துப் பாருங்கள். வாசலில் நிற்பவனை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை நிறம் தீர்மானித்தது, ஜாதி தீர்மானித்தது, பணம் தீர்மானித்தது. சட்டப் புத்தகம் அதற்கு முத்திரை குத்தியது.

இன்னொரு சரித்திரமும் உண்டு. 1936 ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரியில் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சுப் போலீசின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அந்த ரத்தத்தின் பலனாகத்தான் 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய தோழர் வ. சுப்பையா கருப்பு அங்கி போட்டு வாதாடியவரல்ல. தொழிலாளிக்குச் சட்டத்தை வாங்கிக் கொடுத்தது சன்னதல்ல, சங்கம்.

உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு நியாயம்

1961ஆம் ஆண்டுச் சட்டம் புதுச்சேரிப் பிரதேசத்துக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் இங்கே தொழில் நடத்தி வந்தவர்களை என்ன செய்வது? அவர்கள் இந்திய வக்கீல் பட்டியலில் இல்லையே!

டில்லி பார்லிமெண்ட் என்ன செய்தது தெரியுமா? 1968இல் 58-ஏஏ என்று புதுச்சேரிக்காகவே ஒரு தனிப் பிரிவைச் சேர்த்தது. பழைய சட்டத்தின்படி தொழில் நடத்த உரிமை பெற்றிருந்தவர்கள் மனு கொடுத்தால் வக்கீல்களாகப் பதிவு பெறலாம் என்றது. அதோடு நிற்கவில்லை. பதிவு பெற விரும்பாதவர்கள், பதிவுக்குத் தகுதியில்லாதவர்கள்கூட, முன்பு அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கலாம் என்றும் சொல்லிற்று.

இதை நாம் குறை சொல்லவில்லை. ஒருவருடைய பிழைப்பை ஒரே நாளில் பறிக்காமல் விட்டது நியாயமே. நாம் சொல்வது இதுதான்: சன்னது கடவுள் எழுதியதல்ல, மனிதர்கள் எழுதியது. வேண்டும் என்று நினைத்தால் கதவைத் திறக்க வழி இருக்கிறது. உள்ளே இருந்த கனவான்களுக்காகத் தனிப் பிரிவு எழுத முடிந்தது. வெளியே நிற்கும் தொழிலாளிக்காகப் பேச வந்தவனிடம் மட்டும் 'சட்டம் இரும்பு' என்கிறார்கள்!

பறந்து வரலாம், பறந்து போகலாம்!

இரும்பு யாருக்கு வளைகிறது என்று இன்னும் பார்ப்போம். வெளிநாட்டு வக்கீல் கம்பெனிகள் இந்தியாவில் தொழில் நடத்தலாமா என்ற வழக்கு சென்னை ஐகோர்ட்டில் தொடங்கி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2018 மார்ச் 13ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அவர்கள் இங்கே தொழில் நடத்தக்கூடாது, ஆனால் எப்போதாவது பறந்து வந்து தங்கள் கட்சிக்காரருக்கு யோசனை சொல்லிவிட்டுப் பறந்து போகலாம் என்பது தீர்ப்பின் சாரம். 2023 மார்ச்சில் பார் கவுன்சிலே விதிகள் வெளியிட்டு, கோர்ட்டுக்கு வெளியே உள்ள வேலைகளுக்காக வெளிநாட்டு வக்கீல்களும் கம்பெனிகளும் பதிவு செய்துகொள்ள வழி வகுத்தது.

லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வருகிறவர் முதலாளிக்குச் சட்ட யோசனை சொல்லலாம். அதற்கு விதி உண்டு, வழி உண்டு. திருமலைராயன்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருகிற சங்கச் செயலாளர் தொழிலாளிக்கு யோசனை சொன்னால் மட்டும் '45ஆவது பிரிவு' என்று கூப்பாடு. இது என்ன நியாயம்?

நம் கண் முன்னால் உள்ள காரைக்கால் துறைமுகத்தையே பாருங்கள். திவால் சட்ட நடவடிக்கையின் மூலம் அது 2023 மார்ச்சில் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. இவ்வளவு பெரிய பேரத்தில் இறங்குகிற கம்பெனிகள் ஒருநாளும் வக்கீல் இல்லாமல் தவிப்பதில்லை. கடன் கொடுத்த பாங்கிக்கும் வக்கீல் உண்டு, வாங்குகிற முதலாளிக்கும் வக்கீல் உண்டு. வலையை இழந்த மீனவனுக்கு யார் இருக்கிறார்கள்?

வாசலில் வசூல்

"ஏழைப் பிள்ளைகள் சட்டம் படித்து வக்கீலாகட்டுமே, யார் தடுத்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். யார் தடுத்தது என்று சொல்கிறோம்.

பார் கவுன்சிலில் பதிவு செய்ய 1961ஆம் ஆண்டுச் சட்டம் நிர்ணயித்த கட்டணம் 750 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 125 ரூபாய். ஆனால் நாட்டின் பல மாநிலப் பார் கவுன்சில்கள் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று பெயர் வைத்து 15,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாய் வரை வசூலித்தன. 2024 ஜூலை 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இது சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதுவரை கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது!

சட்டத்தைக் காக்க வாசலில் நின்றவர்களே சட்டத்தை மீறி வசூல் செய்தார்கள். அதற்கு ஆறு மாதம் உண்டா? ஒரு நாள் உண்டா? கூலி வேலை செய்து, கடன் வாங்கி மகனைச் சட்டம் படிக்கவைத்த தாயின் தாலிக் கொடி அடகுக் கடைக்குப் போனதுதான் மிச்சம்.

சட்டமே திறந்து வைத்த கதவுகள்

சரி, 45ஆவது பிரிவைக் காட்டி மிரட்டுகிறவர்கள் அதே சட்டத்தின் 32ஆவது பிரிவைப் படித்தார்களா? வக்கீலாகப் பதியாத எவரையும் ஒரு குறிப்பிட்ட வழக்கில் ஆஜராக அனுமதிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்று அது சொல்கிறது. 1978இல் சுப்ரீம் கோர்ட்டில் இந்தப் பிரச்னை வந்தபோது தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957இல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் அவர். வக்கீல் அல்லாதவர் உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் கோர்ட்டின் முன் அனுமதி பெற்று வாதாடலாம் என்று அவர் தெளிவுபடுத்தினார்.

தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய கதவு ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, தொழிலாளியின் சார்பில் பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகி ஆஜராகலாம் என்றது. அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை, அது உரிமை. சமரசப் பேச்சில் வக்கீல் வரவே கூடாது என்றது. தீர்ப்பாயத்தில்கூட எதிர்த் தரப்பு சம்மதித்து, தீர்ப்பாயமும் அனுமதித்தால்தான் வக்கீல் வரலாம் என்றது. ஏன் இந்த ஏற்பாடு? பணம் படைத்தவன் பெரிய வக்கீலை வைத்து ஏழையை நசுக்கிவிடக்கூடாது என்பதற்காக. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தை அமல் செய்திருக்கிறார்கள். தொழிலாளியின் எத்தனையோ பாதுகாப்புகளை வெட்டிய அந்தத் தொகுப்பிலும், சங்க நிர்வாகி ஆஜராகும் உரிமையை வெட்ட முடியவில்லை. இதை ஒவ்வொரு சங்கமும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாளிகள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி காட்டிற்று. முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாக இருப்பவர் வக்கீலாகவும் இருந்தால், நிர்வாகி என்ற முறையில் அவர் ஆஜராகலாம், தொழிலாளியின் சம்மதம் தேவையில்லை என்றது. அன்று முதல் முதலாளியின் வக்கீல் நிர்வாகி என்ற வேஷத்தில் உள்ளே நுழையலாம். அவரைப் பார்த்து 'நீ யார்?' என்று யாரும் கேட்பதில்லை!

நுகர்வோர் மன்றங்களிலும் இதே சண்டை நடந்தது. வக்கீல் அல்லாத பிரதிநிதிகள் வரக்கூடாது என்ற வாதம் 2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. அவர்கள் வரலாம், அதற்கு முறையான விதிகள் வகுக்கப்படட்டும் என்று கோர்ட் சொல்லிற்று. 2014இல் விதிகளும் வந்தன. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

வர்ஜீனியாவின் பாடம்

வக்கீல் தொழிலின் கட்டுப்பாட்டை மக்கள் இயக்கத்தின் மீது ஆயுதமாகத் திருப்புவது நம் ஊர்க் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஒரு சங்கம் வழக்கு மேல் வழக்குப் போட்டது. வர்ஜீனியா மாநில சர்க்காரால் பொறுக்க முடியவில்லை. 1956இல் வக்கீல் தொழில் பற்றிய சட்டத்தைத் திருத்தி, அந்தச் சங்கம் மக்களுக்கு வக்கீல் ஏற்பாடு செய்வதையே குற்றமாக்கப் பார்த்தது. 1963இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வர்ஜீனியாவில், காயமடைந்த ரயில்வே தொழிலாளிக்கு 'இந்த வக்கீலிடம் போ' என்று சங்கம் யோசனை சொன்னதையும் பார் சங்கத்தார் தடுக்கப் பார்த்தார்கள். 1964இல் அதிலும் தோற்றார்கள்.

முதலாளித்துவத்தின் தலைநகரமாகிய அமெரிக்காவிலேயே ஒப்புக்கொள்ள வேண்டி வந்த உண்மை இது: மக்கள் கூட்டாகச் சேர்ந்து தங்கள் உரிமையை அறிந்துகொள்வதும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் வியாபாரமல்ல, ஜனநாயக உரிமை. அங்கே ஒப்புக்கொண்ட உண்மை காரைக்கால் ஆபீஸ்களில் மட்டும் ஏன் செல்லுபடியாகவில்லை?

அரைகுறை அறிவு ஆபத்தாமே?

"சட்டம் தெரியாதவன் வழக்கைக் கெடுத்துவிடுவான்" என்று ஒரு ஆட்சேபம் வருகிறது. இதில் உண்மை இல்லாமலில்லை. காலக்கெடு தவறினால் வழக்கு செத்துவிடும். மனுவில் ஒரு வார்த்தை பிசகினால் எதிரி அதைப் பிடித்துக்கொள்வான். ஆகவே சங்கத் தோழர்கள் சட்டத்தைக் கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது. ஒரு காசும் கை நீட்டி வாங்கக்கூடாது. வக்கீல் தேவைப்படும் கட்டத்தில் தயங்காமல் வக்கீலிடம் அழைத்துப்போக வேண்டும். மக்களுக்காகப் பீஸ் வாங்காமல் வாதாடும் வக்கீல் தோழர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் நம்மவர்கள். நம் சண்டை அவர்களோடு அல்ல.

ஆனால் ஆட்சேபம் சொல்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். சங்கத் தோழர் ஒதுங்கிக்கொண்டால் அந்தத் தொழிலாளிக்கு யார் பேசுவார்கள்? மேல்முறையீட்டுக்குக் காரைக்கால்காரன் சுமார் 300 கிலோமீட்டர் கடந்து சென்னை ஐகோர்ட்டுக்குப் போகவேண்டும். தொழில் தகராறு என்றால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்து, சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரித் தீர்ப்பாயத்தின் படி ஏறவேண்டும். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு. இதற்கு மேல் வக்கீல் பீஸ் என்றால் அவன் எங்கே போவான்? நல்ல வக்கீலா, அரைகுறைச் சங்கக்காரனா என்பதல்ல அவன் முன்னால் உள்ள கேள்வி. சங்கக்காரனா, அல்லது யாருமே இல்லையா என்பதுதான்.

1976இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 39-ஏ பிரிவு, ஏழை என்பதற்காக ஒருவருக்கும் நீதி மறுக்கப்படக்கூடாது என்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் பெறும் உரிமை கொடுத்திருக்கிறது. இவர்கள் வருமானச் சான்றிதழ் காட்டவேண்டியதில்லை. இந்த உரிமை தங்களுக்கு உண்டு என்பது நம் தொழிலாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'சன்னது இருக்கிறதா?' என்று கேட்கிற அதிகாரி, அடுத்த வார்த்தையாக 'உனக்கு இலவச வக்கீல் உண்டு, இந்த மனுவில் கையெழுத்துப் போடு' என்று சொல்லியிருந்தால் நாம் இந்தக் கட்டுரையை எழுதவேண்டிய அவசியமே இல்லை!

நாம் கேட்பது

ஒன்று: 45ஆவது பிரிவு மோசடிக்காரன் மீது பாயட்டும். பீஸ் வாங்காமல் மக்களுக்குத் துணை நிற்கும் சங்க நிர்வாகிகளை அதைக் காட்டி மிரட்டுவது நிற்கவேண்டும்.

இரண்டு: சங்கப் பிரதிநிதி ஆஜராகும் உரிமையைத் தொழிலாளர் துறை ஆபீஸ்கள் மறுபேச்சின்றி மதிக்கவேண்டும். அந்த உரிமையைத் தமிழில் எழுதி ஆபீஸ் சுவரில் மாட்டவேண்டும்.

மூன்று: காரைக்கால் தொழிலாளியின் வழக்கு காரைக்காலிலேயே விசாரிக்கப்படவேண்டும். தீர்ப்பாயம் இங்கே வரட்டும், தொழிலாளி அங்கே அலையவேண்டாம்.

நான்கு: இலவசச் சட்ட உதவி கோர்ட் வளாகத்துக்குள் முடங்காமல் திருநள்ளாறுக்கும், நிரவிக்கும், கோட்டுச்சேரிக்கும், கடற்கரைக் குப்பங்களுக்கும் வரவேண்டும்.

இவற்றை யாரும் தட்டில் வைத்துத் தரப்போவதில்லை. செருப்புப் போட ஒரு மனிதர் பாரீஸ் வரை போராடினார். எட்டு மணி நேர வேலைக்குப் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிர் கொடுத்தார்கள். பேசும் உரிமைக்கு நாம் ஒன்றுசேர்ந்து நின்றால் போதும்.

அடுத்தமுறை மேசைக்கு எதிரே இருப்பவர் 'நீ யார்? சன்னது இருக்கிறதா?' என்று கேட்டால், தோழர்களே, தயங்காமல் பதில் சொல்லுங்கள்: "நான் இவனுடைய சங்கம். பேசுவதற்குச் சட்டமே எனக்கு உரிமை கொடுத்திருக்கிறது. இப்போது நீங்கள் சொல்லுங்கள், இவனை எந்தச் சட்டப்படி வேலையை விட்டு நீக்கினீர்கள்?"